ரப்பர் போட்டு அழித்த புத்தகம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் ஒற்றுப் போடுவது, எந்த இடத்தில் விடுவது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெரம்பலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடம் அட்டெண்டராக இருந்தேன். புத்தகத் தூசி நெஞ்சில் ஏறி இருமல் நிற்காமல் போனதால் ஐம்பத்து நான்கு வயதிலேயே வேலையை விட்டேன். என் இடத்துக்கு உங்கள் மூன்று பேரையும் எடுத்திருப்பதாக லைப்ரரியன் சார் சொன்னார். "புதுப் பசங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுய்யா" என்று அவர் கேட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது. எத்தனை முறை உட்கார்ந்தேன் என்று தெரியாது. இரண்டு வரி எழுதுவேன். உடனே எழுந்து வேப்பந்தட்டை பஸ் நிறுத்தம் வரைக்கும் நடப்பேன். யாருக்கும் காத்திராமல் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன். மறுபடி இரண்டு வரி.

புத்தகம் அடுக்குவது, நம்பர் ஒட்டுவது, கிழிந்ததைத் தைப்பது எல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கு வந்துவிடும். அதை எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். நாளைக்கு உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம்.

நம் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வரும் புத்தகத்தில் பென்சில் கோடு இருந்தால் அட்டெண்டர் ரப்பர் போட்டு அழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். மற்ற வேலைகளில் நான் சுமார். இதில் மட்டும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. காகிதம் சுருங்காமல், எழுத்து மங்காமல் அழிப்பேன். ஆய்வுக்கு வந்த ஒரு பெரிய அதிகாரி, "புக்கெல்லாம் புதுசு மாதிரி இருக்கே" என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் போனார். அதை வீட்டில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் எம்.ஏ. வரலாறு வகுப்புக்குப் புதிதாக ஒரு மேடம் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அமெரிக்க வரலாறு அவருடைய பாடம். துறையில் அறை பற்றாததால் நூலகத்தின் நீள மேஜையில் வகுப்பு எடுப்பார். ஜனாதிபதிகள் பெயரும் போர் நடந்த வருடமும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த நாட்டில் வாழ்ந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதிய புத்தகங்களை மாணவர்களிடம் கொடுத்தார். பருத்திக் காட்டில் அடிமையாக இருந்து தப்பியவர், கப்பலில் வந்து இறங்கிச் சட்டை தைத்தே கண் கெட்டுப்போன பெண், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போய் முடியை வெட்டிவிட்ட பழங்குடிப் பையன் என்று ஆளுக்கு ஒரு புத்தகம். நான் பக்கத்தில் அலமாரி துடைத்துக்கொண்டே கேட்பேன். துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்த நாட்களும் உண்டு.

மேடம் ஒரு கேள்வியை விடாமல் கேட்பார். "இவங்க சொன்னதப் படிச்சிட்டீங்க. சொல்லாம விட்டது என்ன? ஏன் விட்டாங்க?" ஒரு பையன், "எழுத மறந்திருப்பாங்க மேடம்" என்றான். "உங்கம்மாகிட்ட சிகரெட்டப் பத்தி நீ சொல்ல மறந்த மாதிரியா?" என்றார் மேடம். மேஜையே சிரித்தது.

அந்த வகுப்பில் பூங்கொடி என்று ஒரு பெண். ஊர் செந்துறைப் பக்கம். காலையில் அரியலூர் வந்து, பஸ் மாறி, பெரம்பலூர் வருவாள். சாயங்காலம் அதே மாதிரி திரும்ப வேண்டும். அடிமையாகப் பிறந்த ஒரு பெண் எழுதிய தன்வரலாறு அவளுக்கு வந்தது. அதை வைத்துத்தான் அவள் புராஜக்ட் எழுத வேண்டும். இரண்டு மாதம் புத்தகம் அவள் கையிலேயே இருந்தது.

அந்த வருடம் புத்தகங்களை எண்ணி ஸ்டாக் பார்க்கும் வாரம் வந்தது. யார் கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினோம். பூங்கொடி மதியம் வந்தாள்.

"அண்ணே, இத மட்டும் தனியா எடுத்து வைங்கண்ணே. புதன்கெழம வந்து இங்கயே உக்காந்து பாத்து எழுதிக்கறேன். அடுத்த திங்கக்கெழம புராஜக்ட் குடுக்கணும்."

"சரிம்மா."

"மறந்து அலமாரில வச்சுடாதீங்க. என் உசுரே இதுலதான் இருக்கு."

நான் சிரித்துத் தலையாட்டினேன்.

அவள் போனதும் புத்தகத்தைத் திறந்தேன். ஓரம் முழுவதும் பென்சில். இங்கிலீஷ் வரிகளுக்கு மேலே தமிழில் அர்த்தம், பக்கவாட்டில் அவளுடைய யோசனைகள். பக்கத்துக்குப் பக்கம் எறும்பு ஊர்வது போல எழுத்து. இங்கிலீஷ் எனக்கு வராது. தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"இவளை எசமானி வேறு ஏதோ பெயரில் கூப்பிடுகிறாள். இவளும் திரும்பிப் பார்க்கிறாள். எங்கள் நூலகத்தில் அட்டெண்டர் அண்ணனை சார்மார்களும் நாங்களும் 'ஏய்' என்றும் 'ஹலோ' என்றும் கூப்பிடுகிறோம். அவரும் திரும்பிப் பார்க்கிறார். இரண்டு வருடமாக இங்கே வருகிறேன். அவர் பெயர் எனக்கும் தெரியாது."

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதை இந்த இடத்தில் எழுதக் கை வரவில்லை. கடைசியில் எழுதப் பார்க்கிறேன்.

எனக்குக் காது சுட்டது. என்னை ஒருத்தி எழுதியிருக்கிறாள். அதுவும் ஓர் அடிமைக்குப் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறாள். மேடம் இதைப் படிப்பார். வகுப்பே நீள மேஜையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கும். நான் பக்கத்தில் நின்று அலமாரி துடைத்துக்கொண்டிருப்பேன். ரப்பரை எடுத்து அந்தப் பக்கத்தை அழித்தேன்.

அழித்த பிறகுதான் தெரிந்தது. மற்ற பக்கமெல்லாம் சாம்பல் பூத்திருக்க, அந்த ஒரு பக்கம் மட்டும் வெளுத்துத் தனியாக நின்றது. யார் பார்த்தாலும் ஏன் என்று கேட்பார்கள். அதனால் முன்பக்கத்தை அழித்தேன், பின்பக்கத்தை அழித்தேன். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் புத்தகம் முழுவதையும் அழித்துவிட்டேன். ஒரு பக்கத்தைக் கோபத்தில் அழித்தவன், மிச்சத்தையெல்லாம் அதை மறைப்பதற்காக அழித்தேன்.

புதன்கிழமை பூங்கொடி வந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

"என்னண்ணே, வேற காப்பியா?"

"அதேதான்மா."

அவள் புரட்டிய வேகத்தில் பக்கங்கள் கிழியும் போல இருந்தது. "எங்கண்ணே? நான் எழுதினதெல்லாம் எங்க?"

லைப்ரரியன் சார் எழுந்து வந்தார். "என்னம்மா சத்தம்?"

"நான் எழுதி வச்சிருந்ததெல்லாம் அழிச்சிருக்கு சார்."

"எதுல எழுதி வச்சிருந்த?"

"புக்குல."

"லைப்ரரி புக்குல எழுதறதே தப்பு. உனக்கு நோட்டு இல்ல?"

"மூணு பேர் சீட்டுல நாலு பேர் உக்காந்து வரோம் சார். மடியில பை, பை மேல புக்கு. நோட்ட எங்க சார் வைக்கிறது? கடைசி ரெண்டு சாப்டர் எழுத அதுல உள்ள குறிப்புதான் சார்."

"அதுக்கு நாங்க என்னம்மா பண்றது? அவன் ரூல்படி செஞ்சிருக்கான். ஏன்யா, இத்தன வருஷமா செய்யறதுதானே?"

"ஆமாங்க சார்" என்றேன். சிரித்தேன்.

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். விதி முழுக்க என் பக்கம் இருந்தது. எனக்கு மெமோ இல்லை, திட்டு இல்லை. தப்பு அவள் தலையில்தான் விழுந்தது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும் என்கிற நிலைமை. இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு பத்திரமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் உட்கார முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தேன்.

மேடம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் திங்கட்கிழமை வந்த மற்ற புத்தகங்களை எடுத்துப் புரட்டினார். "இதுல எல்லாம் கோடு அப்படியே இருக்கே அண்ணே. இந்த ஒண்ணுக்கு மட்டும் எப்படி நேரம் கெடச்சது?"

நான் துணியை எடுத்து மேஜையைத் துடைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நீள மேஜையில் அவர் கேட்கும் அந்தக் கேள்வி எனக்கு மனப்பாடம்.

பூங்கொடிதான் பேசினாள். "விடுங்க மேடம். இந்த வருஷத்தோட சரின்னு எங்கண்ணன் அப்பவே சொல்லிட்டான். அடுத்த வருஷம் வந்து எழுதறேன்னு சொன்னா அனுப்ப மாட்டான். நான் இனிமே வரல." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புத்தகம் மேஜைமேல் கிடந்தது.

வியாழக்கிழமை காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டேன். சாவி என்னிடம் இருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிழக்கு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. காகிதத்தின்மேல் சாய்வாக விழுந்தது. வெள்ளைப் பக்கத்தில் உழுத காடு மாதிரி வரி வரியாகப் பள்ளம் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்தேன். 'இ' தெரிந்தது. 'வ' தெரிந்தது. பஸ் குலுக்குகிற குலுக்கலில் எழுத்து நிற்க வேண்டும் என்று அவள் பென்சிலை அழுத்திப் பிடித்திருக்கிறாள். கரியைத்தான் நான் அழித்திருந்தேன். பள்ளம் அப்படியே இருந்தது.

ஸ்டாக் பார்க்கும் வாரத்தில் ஒரு காகிதம்கூட வெளியே போகக் கூடாது. லைப்ரரியன் சார் வரும்வரை காத்திருந்து கேட்டால் நிச்சயம் விட மாட்டார். ரிஜிஸ்டரும் அவர் பீரோவில் இருந்தது. புத்தகத்தைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். அரியலூர் இறங்கியதும் போன் வந்தது.

"எங்கய்யா இருக்க?"

"அரியலூர் பஸ் ஸ்டாண்டுல சார்."

"அங்க என்னய்யா வேல?"

"அந்தப் பொண்ணு புக்க எடுத்துட்டு வந்துட்டேன் சார்."

"என்ட்ரி போட்டியா?"

"இல்லீங்க சார்."

பின்னால் லாரி ஹாரன்தான் கேட்டது. "நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள புக்கு என் மேஜமேல இருக்கணும். இல்லைன்னா நீயும் வர வேணாம்" என்று வைத்துவிட்டார்.

செந்துறைச் சாலையில் சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பஸ் நகரவில்லை. இறங்கி நடந்துவிடலாமா என்று மூன்று முறை எழுந்தேன். "உக்காருங்க பெரியவரே, நீங்க நின்னா லாரி நகந்துருமா?" என்றார் கண்டக்டர்.

ஊரில் இறங்கி விசாரித்துப் போனேன். வாசலில் பூங்கொடியின் அண்ணன் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு நீங்க?"

"காலேஜ் லைப்ரரிலேந்து வரேன் தம்பி."

"ஓ, அழிச்சது நீங்கதானா? என்ன, மிச்சம் மீதி ஏதும் இருக்கா, வூட்டுக்கே வந்து அழிச்சிட்டுப் போறீங்களா?"

பூங்கொடி வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போகப் பார்த்தாள். துண்டைப் பிரித்து, புத்தகத்தை வெயிலில் சாய்த்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். "அண்ணே!" என்று கத்தினாள். என்னையா, அவள் அண்ணனையா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் கிட்டே போனோம்.

"ரூலுக்காக அழிக்கலம்மா. தெரிஞ்சேதான் அழிச்சேன்" என்றேன்.

"ஏண்ணே?"

"அந்தப் பக்கம் வரும். அப்ப சொல்றேன்."

உள்ளறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். என் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் பள்ளம் நன்றாகத் தெரிந்தது. அவளே படித்து அவளே எழுதினால் ஒவ்வொரு முறையும் சாய்மானம் தப்பிப்போயிற்று. அதனால் நான் படித்தேன், அவள் எழுதினாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். பாதி வரி படிப்பதற்குள் மீதி அவளுக்கு ஞாபகம் வந்துவிடும், தானே சொல்லிக்கொண்டு எழுதுவாள். என் வாழ்க்கையில் ஒருவரிடம் அவ்வளவு நேரம் நான் வாய்விட்டுப் பேசியது கிடையாது. மதியத்துக்கு மேல் என் போன் அணைந்துவிட்டது. அவள் அண்ணன் தன் போனை நீட்டினார். நீட்டியவர் அங்கேயே நின்று டார்ச்சும் பிடித்தார்.

அந்த அமெரிக்கப் பெண் திருட்டுத்தனமாக எழுத்துக் கற்றுக்கொண்டது, தப்பித்து வடக்கே போனது, குழந்தையைப் பிரிந்தது எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. அவள் புத்தகம் போட்டபோது, இது உண்மைதான், இவள் யோக்கியமானவள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெரிய மனிதர் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததாம். அந்த இடத்தில், "எங்கள் தெருவில் எந்த மனு எழுதினாலும் வார்டு மெம்பர் கையெழுத்து கேட்பார்கள்" என்று ஓரத்தில் எழுதியிருந்தாள் பூங்கொடி.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன், "இதையெல்லாமா எழுதுவ? இதுக்கு மார்க்கு போடுவாங்களா?" என்று கேட்டார்.

"மேடம் இதுக்குத்தான் போடுவாங்க" என்றாள்.

"பின்ன நானும் படிச்சிருக்கலாம் போலிருக்கே."

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையிலேயே திரும்பப் போனேன்; மறுபடி உட்கார்ந்தோம். பதினொரு மணி இருக்கும், அந்தப் பக்கம் வந்தது. இந்தப் பக்கம் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. ஆனால் வருகிற வழியெல்லாம் இந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். படித்தேன். எசமானி கூப்பிடுவது, அட்டெண்டர் திரும்பிப் பார்ப்பது, "அவர் பெயர் எனக்கும் தெரியாது" என்பதுவரை படித்தேன்.

பூங்கொடி எழுதுவதை நிறுத்திவிட்டாள். தலை குனிந்தபடியே, "இதுக்காகவாண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"உங்க பேரு என்னண்ணே?"

"தங்கராசு."

அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "அதுக்குக் கீழ எதுனா தெரியுதா?" என்றாள்.

டார்ச் வெளிச்சம் நேராக அந்த வரியின்மேல்தான் கிடந்தது. அந்தப் புத்தகத்திலேயே அவ்வளவு ஆழமாக அழுந்திய வரி வேறு இல்லை. "கீழ ஒண்ணும் தெரியலம்மா" என்றேன்.

நான் தடுமாறிய வரியையெல்லாம் ஞாபகத்திலிருந்து முடித்துக்கொண்டு வந்தவள், இந்த வரிக்கு மட்டும் காத்திருக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை. "சரிண்ணே, அடுத்த பக்கம்" என்று நோட்டைத் திருப்பினாள்.

சாயங்காலம் நான்கரைக்குப் புத்தகத்தை லைப்ரரியன் சார் மேஜைமேல் வைத்தேன். மெமோ கொடுத்தார். என்ட்ரி போடாமல் எடுத்துப் போனதற்கு வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் வேறு எதுவும் எழுதவில்லை. பூங்கொடி சனி, ஞாயிறு இரண்டு நாளும் அரியலூரில் ஒரு டைப்பிங் கடையில் உட்கார்ந்து முடித்து, திங்கட்கிழமை புராஜக்ட் கொடுத்துவிட்டாள். தேறினாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். அதற்குப் பிறகு, எழுதியவரைக் கேட்காமல் நான் எந்தப் பக்கத்தையும் அழித்ததில்லை. நீங்களும் கேளுங்கள். விதி உங்கள் பக்கம் இருக்கிற நாளில் இன்னொரு முறை கேளுங்கள்.

அவளுடைய புராஜக்ட் நம் நூலகத்தில்தான் இருக்கிறது. ஆய்வேடுகள் அலமாரியில், வரலாறு என்று எழுதிய தட்டில். அதில் என் பெயர் இருக்கிறது. அந்த வரி இல்லை. அவளுக்கு ஞாபகம் இருந்தது. எனக்காக விட்டாள். அவள் புத்தகத்தில் ஒரு வரி குறைந்ததற்கு நான்தான் காரணம். ஐந்து மாதமாக எழுந்து எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தது இந்த வரியை எழுத முடியாமல்தான். அவள் எழுதியது இது:

"எப்போது கூப்பிட்டாலும் சிரிக்கிறார்; அது சிரிப்பு இல்லை, பயம்."

அவள் எழுதியது சரி. இதையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துப் படியுங்கள்.

தை 17, சனிக்கிழமை.